நடுங்கியது அவன் கை அல்ல: ஒரு கிம்பலின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் ஊடகக் கழகப் பிள்ளைகளுக்கும், ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிற தம்பிமாருக்கும், கடலுக்குப் போகிற காக்காமாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணை முடிவில் எங்கள் பாடசாலையில் ஒரு பிரியாவிடை. முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்த டீச்சர் ஒருவர் ஓய்வு பெற்றார். எனக்கு முதல் எழுத்து எழுதிக் காட்டியவரும் அவர்தான். அவருடைய கடைசிப் பேச்சை வீடியோ எடுக்கும் பொறுப்பை தரம் 11 மாணவன் ஒருவனிடம் கொடுத்தோம். பழைய மாணவர்கள் வாங்கித் தந்த கிம்பலையும் அவன் கையில் கொடுத்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிம்பல் என்பது போனைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கைப்பிடி. அதில் மூன்று மோட்டர்கள் இருக்கும். நம் கை ஆடினாலும் படம் ஆடாமல் அவை பார்த்துக்கொள்ளும்.

அன்று படம் ஆடியது. டீச்சரின் முகம் முழுக்க ஒரு மெல்லிய நடுக்கம். வண்டு சுற்றுவது போன்ற இரைச்சல் அவர் பேச்சோடு சேர்ந்து பதிவாகியிருந்தது. பத்தாவது நிமிடம் வரும்போது பின்னால் கட்டியிருந்த பதாகை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.

நான் ஆசிரியர் அறையில், நாலு பேருக்கு முன்னால், "இப்படிக் கை நடுங்குறவன் ஏன் மகன் இதைத் தூக்கினாய்?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து ஊடகக் கழகத்துக்கு வரவும் இல்லை.

இரண்டு கிழமை கழித்து அதே கிம்பலை, அதே போனோடு, சிறிய முக்காலியில் மேசை மேல் நிறுத்தினேன். யாருடைய கையும் படவில்லை. ஒன் பண்ணினேன். அப்போதும் நடுங்கியது.

அந்த நேரம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஒன்று விளங்காவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் எனக்குத் தெரிந்த வழி. தேடியபோது 2200 வருடம் பின்னால் போகவேண்டி வந்தது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பைலோ என்ற கிரேக்க அறிஞரின் நூலில் ஒரு மைக்கூடு வருகிறது. பல பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துளை. எப்படிப் புரட்டி வைத்தாலும் மேலே வருகிற துளையில் பேனாவைத் தோய்த்து எழுதலாம், மை கொட்டாது. காரணம், உள்ளே இருக்கும் மைக்கிண்ணம் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் வளையங்களில் தொங்குகிறது. அந்த நூலின் கிரேக்க மூலம் இன்று இல்லை. மைக்கூடு பற்றிய பகுதி நமக்குக் கிடைத்திருப்பது அரபு மொழிபெயர்ப்பில்தான். அதை பைலோவே எழுதினாரா, பின்னால் அரபு அறிஞர்கள் சேர்த்தார்களா என்ற விவாதம் ஆய்வாளர்களிடம் உண்டு. எப்படியோ, அந்தக் கிண்ணம் அரபு எழுத்தில்தான் கவிழாமல் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

சீனாவில் ஹான் காலத்து டிங் ஹுவான் என்ற கைவினைஞர் படுக்கை விரிப்புக்குள் வைக்கக்கூடிய ஒரு சாம்பிராணிச் சட்டி செய்ததாகப் பழைய குறிப்பு இருக்கிறது. டாங் காலத்தில் அது கைக்குள் அடங்கும் வெள்ளி உருண்டையானது. உருண்டையை எப்படி உருட்டினாலும் உள்ளே இருக்கும் தணல் கொட்டாது. ஐரோப்பாவில் இந்த அமைப்புக்கு கார்டானோ என்ற இத்தாலிய அறிஞரின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1550இல் வந்த தன் நூலில் அவர் இதைப் பற்றி எழுதினார். கண்டுபிடித்தது தான்தான் என்று அவர் சொல்லவில்லை.

கடலுக்குப் போகிற காக்காமாருக்கு இது புதினமில்லை. போட்டில் இருக்கும் திசைகாட்டியைப் பாருங்கள். போட்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தக் கிண்ணம் மட்டமாகவே நிற்கும். இரண்டு அச்சில் தொங்குவதால்தான். பழைய கப்பல்களில் நேரம் காட்டிய கடிகாரங்களும் மரப்பெட்டிக்குள் பித்தளை வளையங்களில் இப்படித்தான் தொங்கின.

இவை எதிலும் மோட்டர் இல்லை. பற்றரி இல்லை. பாரம் எங்கே இருக்கிறது என்பதுதான் முழு வேலையும். கிண்ணத்தின் பாரம் அச்சுக்குக் கீழே இருப்பதால் பூமியின் ஈர்ப்பே அதை நேராக வைத்திருக்கிறது.

சினிமாவுக்கும் இது முதலில் மோட்டர் இல்லாமல்தான் வந்தது. 1970களில் அமெரிக்கரான கரெட் பிரவுன் ஸ்டெடிகேம் என்ற கருவியைச் செய்தார். உடம்பில் ஓர் அங்கி, அதிலிருந்து ஒரு வில்சுருள் கை, அதன் நுனியில் கிம்பல், மேலே கெமரா, கீழே எதிர்ப்பாரம். 1976இல் வந்த 'ரொக்கி' படத்தில் அந்தக் குத்துச்சண்டை வீரன் பிலடெல்பியாவில் படிகளில் ஓடி ஏறுவானே, அது இந்தக் கருவியில் எடுத்ததுதான். ஸ்டெடிகேம்காரர் படப்பிடிப்புக்கு முன் செய்யும் முதல் வேலை, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி சமநிலை பார்ப்பது.

பிறகு போன்களுக்குள் சின்ன ஜைரோ உணரிகள் வந்தன. 2010இல் வந்த ஐபோன் 4இல் அது இருந்தது. கோடிக்கணக்கில் செய்யப்பட்டதால் விலை இறங்கியது. 2013இல் ஃப்ரீஃப்ளை நிறுவனத்தின் மூவி என்ற மோட்டர் கிம்பல் வந்தது. சில வருடத்தில் அதே வேலை செய்யும் போன் கிம்பல் நம் ஊர்க் கடைக்கும் வந்துவிட்டது. மோட்டர் வந்ததும் சமநிலை பார்க்கும் பழக்கம்தான் போய்விட்டது.

என் முதல் பிழை அதுதான். மோட்டர் கிம்பலில் பாரம் அச்சுக்குக் கீழே அல்ல, சரியாக அச்சிலேயே இருக்கவேண்டும். கிம்பலை ஓஃப் பண்ணிவிட்டுப் போனை மாட்டுங்கள். எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கவேண்டும். ஒரு பக்கம் விழுந்தால், விழாத இடம் வரும்வரை போனைப் பிடியில் நகர்த்துங்கள். எங்கள் போனில் தடித்த பின் கவர் ஒன்று. அதன்மேல் ஒரு பக்கத்தில் மைக்கின் ரிசீவரையும் நான்தான் செருகிவிட்டிருந்தேன். அந்தப் பாரத்தை மோட்டர் பேச்சு முழுக்கத் தூக்கிக்கொண்டே நின்றது. சூடு, இரைச்சல், நடுக்கம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. கெமராக்காரர்கள் லென்ஸ் மூடியைக் கழற்றி, பற்றரியையும் கார்டையும் போட்ட பிறகுதான் சமநிலை பார்க்கவேண்டும்.

இரண்டாவது பிழை, சரிந்துபோன பதாகை. ஜைரோவுக்கு "அசையாமல் இருப்பது" என்றால் என்ன என்று காட்டிக் கொடுக்கவேண்டும். அதைத்தான் கலிபரேஷன் என்கிறோம். மட்டமான, அசையாத மேசையில் வைத்துச் செய்யவேண்டும். நான் எங்கே செய்தேன் தெரியுமா? அன்று காலை, ஓடிக்கொண்டிருந்த வேனுக்குள். ஆட்டத்தையே அசையாமை என்று அதற்குப் படிப்பித்துவிட்டேன். பிறகு அது எப்படி நேராக நிற்கும்?

மூன்றாவது, மோட்டரின் வலு. இதற்குப் பின்னால் அழகான வரலாறு ஒன்று இருக்கிறது.

நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியியலாளர் அமெரிக்காவில் கப்பலைத் தானாகத் திருப்பும் கருவி பற்றி ஆராய்ந்து 1922இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அனுபவமுள்ள மாலுமி சுக்கானை எப்படிப் பிடிக்கிறான் என்பதிலிருந்து அவர் தொடங்கினார். நல்ல மாலுமி மூன்று விஷயம் பார்க்கிறான். இப்போது கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது? எவ்வளவு நேரமாக ஒரே பக்கம் விலகிக்கொண்டே இருக்கிறது? எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது? மூன்றுக்கும் ஏற்றபடிதான் அவன் கை அசையும். காற்று ஒரே பக்கம் தள்ளினால் சுக்கானைக் கொஞ்சம் எதிர்ப் பக்கமே பிடித்திருப்பான். வேகமாகத் திரும்பினால் நேராக வருவதற்கு முன்பே கையைத் தளர்த்துவான். மினோர்ஸ்கி இதைக் கணக்காக எழுதி, நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் சோதித்தார்.

இன்று உங்கள் கிம்பலுக்குள் ஓடுவது அந்த மாலுமியின் கணக்குத்தான். வலுவைக் கூட்டினால் சின்ன விலகலுக்கும் முரட்டுத்தனமாகத் திருப்பும், தாண்டிப் போகும், திரும்ப வரும், நடுங்கும். குறைத்தால் சோம்பேறியாகும், நாம் திரும்பினால் படம் தொங்கிக்கொண்டு பின்னால் வரும். சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? 1942இல் ஸீக்லர், நிக்கல்ஸ் என்ற இருவர் தொழிற்சாலைக் கருவிகளுக்கு ஒரு வழி சொன்னார்கள்: நிற்காமல் ஆடத் தொடங்கும்வரை வலுவைக் கூட்டு, அந்த அளவைக் குறித்துக்கொள், பிறகு ஏறக்குறைய பாதிக்கு இறக்கு. கிம்பலிலும் அதே மாதிரிதான். இரைச்சல் கேட்கும்வரை கூட்டி, அது நிற்கும்வரை குறைத்து, இன்னும் கொஞ்சம் குறையுங்கள். ஓட்டோ டியூன் இருந்தால் அதை அழுத்தலாம். ஆனால் சமநிலை பார்த்த பிறகு மட்டும். நான் அன்று நடுக்கம் நிற்கட்டும் என்று வலுவை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் அவன் கையில் கொடுத்தேன்.

இன்னொன்று. கிம்பல் சரிவையும் திரும்பலையும்தான் திருத்தும். நடக்கும்போது மேலும் கீழும் குதிப்பதை அதால் நிறுத்த முடியாது. ஸ்டெடிகேமில் அந்த வேலைக்குத்தான் வில்சுருள் கை இருந்தது. நம்மிடம் இருப்பது முழங்கால். கொஞ்சம் மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி, மெதுவாக நடங்கள்.

எல்லாம் சரிசெய்த அடுத்த நாள் அவனை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன். அன்று இருந்த அதே நாலு பேரும் இருந்தார்கள். "மகன், பிழை உன் கையில் இல்லை. கவரைக் கழற்றாதது நான், வேனுக்குள் கலிபரேட் பண்ணினது நான், வலுவை ஏற்றினதும் நான். என்னை மன்னித்துக்கொள்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, "சேர், கவரக் கழட்டுவமா எண்டு நான் அண்டைக்கே கேட்டன். நேரமில்ல எண்டு சொன்னீங்க" என்றான்.

கேட்டிருக்கிறான். எனக்கு ஞாபகமே இல்லை.

போன வெள்ளி அஸருக்குப் பிறகு அவனும் நானும் டீச்சர் வீட்டுக்குப் போனோம். நடந்ததைச் சொன்னோம். டீச்சர் சிரித்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, அன்று பேசியதை விடவும் அதிகமாகப் பேசினார். கிம்பல் அவன் கையில். நான் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் ஆடவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பாடசாலை நூலகத்தில் அவன்தான் மற்றப் பிள்ளைகளுக்குக் கிம்பல் சொல்லிக் கொடுக்கிறான், இன்ஷா அல்லாஹ். கிம்பல் வைத்திருக்கும் தம்பிமாரும் வாருங்கள். வரும்போது போனின் பின் கவரைக் கழற்றிவிட்டு வாருங்கள்.