கரண்ட் வந்துருச்சு, சரி… இப்ப இருக்கா?

ஒரு சிஸ்டத்துல ஏதோ ஒண்ணு மாறுது. கரண்ட் போகுது, நெட்வொர்க் வருது, லேப்டாப் தூங்கப் போகுது. அதுக்கு மேல ஓடிட்டு இருக்கிற அப்ளிகேஷன்களுக்கு இதை யார் சொல்றது, எப்படிச் சொல்றது? கேட்கும்போது சின்ன விஷயமாத்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் இதுல தப்பு பண்ணி, ஈரோடு பக்கத்துல ஒருத்தரோட மஞ்சக் காட்டுக்கு ஒரு ராத்திரி தண்ணி பாயாமப் போச்சு. அதனால இந்த எபிசோட் எனக்குக் கொஞ்சம் பர்சனல்.

சிட்டில வளர்ந்தவங்களுக்காக முதல்ல ஒரு விஷயம். தோட்டத்து மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேணும். நம்ம ஆளுங்க ‘த்ரீ பேஸ்’னு சொல்லுவாங்க. அது நாள் முழுக்க வராது. பகல்ல சில மணி நேரம், ராத்திரி சில மணி நேரம், முறை வச்சு வரும். அன்னூர்ப் பக்கம் எங்க அப்புச்சி தோட்டத்துல, மோட்டார் ரூம் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேல மூணு சின்ன விளக்கு இருக்கும், சிவப்பு, மஞ்சள், நீலம். மூணும் எரிஞ்சா த்ரீ பேஸ் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் எடுத்துட்டு, பாம்பு பார்த்து நடந்து, அந்த மூணு விளக்கைப் பார்க்கிறதுக்குன்னே எந்திரிச்சுப் போவார். மின்கட்டணத்துக்காக 1972-ல மாட்டு வண்டிகளோட வந்து கோயம்புத்தூரையே மறிச்ச மண்ணு இது. இங்க கரண்ட் சும்மா பேச்சு இல்லை.

அந்த விளக்கைக் கவனிங்க. அது எதையும் ‘அறிவிக்கல’. இப்ப இருக்கா இல்லையான்னு மட்டும் காட்டுது. நீங்க எப்பப் போனாலும் சரியான பதில் கிடைக்கும். ஆனா நீங்க நடந்து போகணும்.

இதுக்கு நேரெதிர் மில் சங்கு. 1888-ல ஸ்டேன்ஸ் மில் வந்துச்சு. 1930-கள்ல பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயம்புத்தூர்ல மில்லுக பெருகுச்சு. ஷிஃப்ட் நேரத்துக்குச் சங்கு ஊதும். எங்க அம்மிச்சி ஒரு நாள் கூட மில் வேலைக்குப் போனதில்லை. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி சிங்காநல்லூர்ல இருந்தப்ப காலைச் சங்குக்குத்தான் உலை வைப்பாங்களாம். மில்லுக்கு அம்மிச்சி யாருன்னே தெரியாது. சொல்றவனுக்குக் கேட்கிறவன் யாருன்னு தெரிய வேண்டியதே இல்லை, அதுதான் சங்கோட பலம். பலவீனம் என்னன்னா, ஊதின நேரத்துல நீங்க தூங்கிட்டு இருந்தா போச்சு. சங்கு திரும்ப ஊதாது. பக்கத்து வீட்டுல போய், “சங்கு ஊதிருச்சுங்களா அக்கா?”ன்னு கேட்கணும்.

எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவங்க இந்த ரெண்டையும் லெவல் ட்ரிகர், எட்ஜ் ட்ரிகர்னு சொல்லுவாங்க. விளக்கு லெவல், சங்கு எட்ஜ். நாற்பது வருஷத்துக்கும் மேலா சாஃப்ட்வேர் லைப்ரரி எழுதுறவங்க இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் அல்லாடிட்டு இருக்காங்க.

1970-களோட கடைசில ஜெராக்ஸ் நிறுவனத்தோட பார்க் ஆய்வகத்துக்குப் போவோம். நார்வேல இருந்து வந்த ட்ரிக்வே ரீன்ஸ்காக் அங்கதான் மாடல்-வியூ-கன்ட்ரோலர் அமைப்பை யோசிச்சார். அங்க உருவான ஸ்மால்டாக் மொழில ஒரு அழகான பழக்கம் இருந்துச்சு. ஒரு பொருள் மாறினா, தன்னைச் சார்ந்தவங்க எல்லாருக்கும் ‘நான் மாறிட்டேன்’னு ஒரு செய்தி போகும். என்ன மாறுச்சுன்னு விவரம் வேணும்னா, கேட்டவங்களே திரும்ப வந்து பார்த்துக்கணும். சங்கு ஊதும், ஆனா விளக்கை நீதான் போய்ப் பார்க்கணும். 1994-ல நாலு பேர் சேர்ந்து எழுதின ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகம் இதுக்கு ‘அப்சர்வர்’னு பேர் வச்சுது. காலேஜ்ல ரெண்டு மார்க் கேள்விக்கு நாம மனப்பாடம் பண்ணினது இதைத்தான். விவரத்தையும் சேர்த்தே அனுப்பினா ‘புஷ்’, வந்து பார்த்துக்கோன்னா ‘புல்’. எது எப்ப ஆபத்துன்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல. ரெண்டு மார்க்குக்கு அவ்வளவுதான்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பழைய டிசைனுக்கு வர்றேன். யூனிக்ஸ்ல கரண்ட் போச்சுன்னு சொல்ல ‘சிக்-பவர்’னு ஒரு சிக்னல் உண்டு. யுபிஎஸ்-ஸைக் கவனிச்சுட்டு இருக்கிற புரோகிராம் இதை ‘இனிட்’டுக்கு அனுப்பும். சிக்கல் என்னன்னா, சாதாரண யூனிக்ஸ் சிக்னல் வரிசைல நிற்காது. கரண்ட் போயி, வந்து, திரும்பப் போயி மூணு சிக்னல் கிளம்பினாலும், எடுத்துப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒண்ணாயிடலாம். அதுவும் போக, சிக்னல் வந்துச்சுன்னு தெரியுமே தவிர, கரண்ட் போனதுக்கா வந்ததுக்கான்னு அதுல இருக்காது. பழைய லினக்ஸ் இனிட் என்ன பண்ணுச்சு தெரியுமா? சிக்னல் வந்த உடனே ‘பவர்ஸ்டேட்டஸ்’னு ஒரு சின்ன ஃபைலைத் திறந்து அதுல இருக்கிற எழுத்தைப் படிக்கும். எஃப் இருந்தா கரண்ட் இல்லை. ஓ இருந்தா வந்துருச்சு. எல் இருந்தா பேட்டரி சாகப் போகுது, உடனே கடையைச் சாத்து. மூணு சிக்னல் ஒண்ணானாலும் கவலை இல்லை, ஃபைல்ல இருக்கிறது கடைசி நிலவரம்.

2012-ல நான் ஸ்கூல் பையன். கோவைல பாதி நாளுக்கு மேல கரண்ட் இல்லாத நாட்கள் அது. பீளமேட்டுல எங்க மாமா ஒர்க்‌ஷாப்ல யுபிஎஸ் ‘பீப் பீப்’னு கத்திட்டே இருக்கும். எல்லாருக்கும் பழகிப் போய், யாரும் திரும்பிக் கூடப் பார்க்க மாட்டாங்க. ஒரே எழுத்து எழுதி வைக்கிற அந்த ஃபைல் அந்த பீப்பை விட எவ்வளவோ மேல்னு பின்னாடிதான் புரிஞ்சுது.

அறிவிப்பு கொடுக்கிறது ஒரு பக்கம். பதிலுக்குக் காத்திருக்கிறதா வேண்டாமாங்கிறது இன்னொரு தலைவலி. விண்டோஸ் எக்ஸ்பி தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அப்ளிகேஷனையும், “தூங்கட்டுமா?”ன்னு கேட்கும். ஒருத்தன் வேண்டாம்னாலும் தூங்காது. மூடி பைக்குள்ள வச்ச லேப்டாப் தூங்காமக் கொதிச்சுட்டு இருக்கும். விஸ்டாவுல அனுமதி கேட்கிறதையே எடுத்துட்டாங்க. தூங்கப் போறேன், சுமார் ரெண்டு செகண்ட் இருக்கு, வேலையை முடிச்சுக்கோ, அவ்வளவுதான். லினக்ஸ்ல சிஸ்டம்-டி கொஞ்சம் பெரிய மனசு பண்ணி, கொஞ்சம் பொறுன்னு கேட்கிறவங்களுக்கு வழக்கமா 5 செகண்ட் வரைக்கும் தரும். மரியாதையாச் சொல்லணும், ஆனா அனுமதி கேட்கக் கூடாது. இந்த முடிவு சரின்னுதான் நான் நினைக்கிறேன்.

ஆண்ட்ராய்டு பட்ட பாடு வேற. நெட்வொர்க் மாறினா ஊருக்கே சங்கு ஊதுற மாதிரி ஒரு பிராட்காஸ்ட் இருந்துச்சு. வீட்டு வைஃபையில இருந்து வெளிய கால் வச்சா போதும், பதிவு பண்ணி வச்ச ஆப் எல்லாம் ஒரே நேரத்துல எந்திரிக்கும். பாவம், அந்த பேட்டரி. 2016-ல ஆண்ட்ராய்டு 7 வந்தப்ப, புது ஆப்கள் தூக்கத்துல இருந்தே அந்தச் சங்கைக் கேட்கிற வசதியை நிறுத்திட்டாங்க. அதுக்குப் பதிலா இருக்கிற கால்பேக்ல எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு. நீங்க பதிவு பண்ணும்போது நெட்வொர்க் இருந்தா, இப்ப இருக்கிற நிலவரத்தை உடனே கையில கொடுத்துடும். அதுக்கு அப்புறம்தான் மாற்றங்கள். இது ஏன் முக்கியம்? நிலவரத்தை முதல்ல படிச்சுட்டு, அப்புறம் பதிவு பண்ணினா, நடுவுல இருக்கிற அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல நடந்த மாற்றம் உங்களுக்கு எப்பவுமே தெரியாது.

சரி, என் கதை. மோட்டாரை போன்ல இயக்குற கன்ட்ரோலருக்கு ஒரு ஆப். அதுக்கு அடியில இருந்த லைப்ரரில ஒரு பகுதி என் பொறுப்பு. கன்ட்ரோலர் ‘ஆன்’னு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், ‘ஆஃப்’னு ஒண்ணு அனுப்பும். நான் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸையும் அப்படியே நிலவரமா எடுத்துக்கிட்டேன். ‘ஆன்’ வந்தா திரையில பச்சை, ‘மோட்டார் ஓடுது’. சுத்தமான புஷ். கோடு ரிவ்யூலயும் பாஸ்.

அன்னிக்கு ராத்திரி அவர் தோட்டத்துல த்ரீ பேஸ் வந்து மோட்டார் ஓடுச்சு, ‘ஆன்’ கிளம்புச்சு. பத்து நிமிஷத்துல வோல்டேஜ் விழுந்து ட்ரிப் ஆச்சு, ‘ஆஃப்’ கிளம்புச்சு. டவர் சரியில்லாம ரெண்டும் எங்கயோ மாட்டிக்கிச்சு. கடைசில ‘ஆஃப்’ முதல்ல வந்துச்சு, ‘ஆன்’ பின்னாடி வந்துச்சு. என் ஆப் பச்சையாவே இருந்துச்சு. அவரும் நிம்மதியாத் தூங்கிட்டார். காலைல வாய்க்கா காஞ்சு கிடந்துச்சு. போன் பண்ணினார். கோபமே இல்லை. “ஏனுங் தம்பி, உங்க போனு ஓடுதுங்குது. மோட்டாரு ஓடலீங்களே?” திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

சரி பண்ண மூணு வாரம் ஆச்சு. ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் கன்ட்ரோலரே ஒரு வரிசை எண் போடும், பழைய எண் பின்னாடி வந்தா தூக்கிப் போட்டுடுவோம். எஸ்எம்எஸ் வந்தா திரையை மாத்தாம, கன்ட்ரோலரை, “இப்ப எப்படி இருக்கே?”ன்னு கேட்டு, வர்ற பதிலைத்தான் காட்டுவோம். மூணாவதுதான் ரொம்பச் சண்டை போட்டு வாங்கினது. ரொம்ப நேரம் பதில் இல்லைன்னா பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, சாம்பல் நிறம். ‘தெரியல’. ஆப்ல ‘தெரியல’ன்னு போட்டா யார் வாங்குவாங்கன்னு மீட்டிங்ல கேட்டாங்க. அந்த மஞ்சக் காட்டைப் பத்திச் சொன்னேன். விட்டுட்டாங்க.

அப்புச்சி தோட்டத்துலயும் இப்ப மொபைல் ஸ்டார்ட்டர்தான், வேற கம்பெனியோடது. த்ரீ பேஸ் வந்தா எஸ்எம்எஸ் வரும். போன தீபாவளிக்குப் போனப்பதான் கவனிச்சேன். எஸ்எம்எஸ் வந்த உடனே அவர் அந்த ஸ்டார்ட்டர் நம்பருக்கு ஒரு போன் போடுவார். அது மோட்டார் ஓடுதா இல்லையான்னு குரல்ல சொல்லும். அதைக் கேட்டுட்டுத்தான் போனைத் தலகாணிக்கு அடியில வைப்பார்.

“எதுக்கு அப்புச்சி, அதான் எஸ்எம்எஸ் வந்துருச்சே?”ன்னு கேட்டேன்.

“அது அப்ப வந்தது கண்ணு”ன்னுட்டு திரும்பிப் படுத்துக்கிட்டார்.