'தெஃப்ரேயே'யும் 'டிஃப்ரே'யும்

பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு இங்கிலீஷில் ஃபைல் எழுதப் போன என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு இது தெரியும். தெரியாத சொல் நம்மைக் கவிழ்க்காது, அகராதியைப் பார்த்துக்கொள்வோம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் கவிழ்க்கும். எனக்கு வாய்த்தது 'டிஃப்ரே'.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல். எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது உத்தரவெல்லாம் இங்கிலீஷ்தான். ஒருமுறை காரைக்காலிலிருந்து ஃபைல் கட்டுகளோடு ஒருவரை வரவழைத்து நான்கு நாள் இங்கே நிறுத்திவைத்தோம். தினக்கூலி ஆள். பஸ் செலவு 'டிஃப்ரே' செய்யப்படும் என்றது உத்தரவு. "சாப்பாடு, தங்குற செலவுங்களா?" என்று கேட்டார். "எல்லாம் ஆபீஸ் பாத்துக்கும்" என்றேன்.

பள்ளியில் படித்த 'தெஃப்ரேயே'தான் என்னை அப்படிச் சொல்ல வைத்தது. 'ஃப்ரே' என்றால் செலவுகள். பிரெஞ்சில் இந்த வினை ஆளைப் பிடித்துக்கொள்ளும்: ஒருவரை 'தெஃப்ரேயே' செய்தால் அவர் தன் பையில் கைவைக்க வேண்டியதில்லை. (ஊர் வாய்க்கு அவலாகிறவரையும் இதே வினையால்தான் சொல்வார்கள், அது வேறு கதை.) 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷ் இதை வாங்கிக்கொண்டது. அங்கும் ஒரு காலத்தில் ஆளுக்கும் வழங்கியதுதான். பிறகு ஆள் கழன்றுபோய்ச் செலவு மட்டும் நின்றது. எந்தச் செலவு என்று எழுதியிருக்கிறதோ அது மட்டும். நம் அரசியலமைப்பின் 282-ஆம் பிரிவு, ஒன்றியமோ மாநிலமோ தன் வருவாயிலிருந்து செய்யக்கூடிய செலவைப் பற்றியது; அதன் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆண்டுதோறும் வரும் நிதி ஒதுக்கச் சட்டத்திலும் உண்டு. இரண்டிலும் பேச்சு செலவைப் பற்றித்தான்.

தமிழில் 'படி' இருக்கிறதே, அது பிரெஞ்சின் பக்கம். பயணப்படி, பஞ்சப்படி என்கிறோம். அரிசி அளக்கும் படியும் அதே சொல். படியளப்பது என்றால் ஒரு வயிற்றுக்கு அளப்பது. ஆனால் நிரந்தர ஊழியருக்குத்தான் படி, தினக்கூலிக்கு ஏது?

பில் திரும்பி வந்தது, பஸ் கட்டணம் மட்டும் பாஸாகி. மீதியை என் சம்பளத்திலிருந்து இரண்டு தவணையாகக் கொடுத்தேன். முதல் தவணையை வாங்கிக்கொண்டார். இரண்டாவதை, "வேணாங்கய்யா, நீங்க தெரியாம சொன்னது" என்று என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

இந்தக் கோரிமேட்டு வீட்டில் லரூஸ் அகராதியைப் புரட்டும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் கை நின்றுவிடுகிறது. அடுத்த முறை அவர் காரைக்காலிலிருந்து வந்தபோது கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார்.