கொமோடோ: டிராகனின் கூடப்பிறந்தவர்கள்

பாலி வரைக்கும் போய் வந்தவங்க நிறைய பேர் இருப்பீங்க. அங்கேர்ந்து இன்னும் ஒரு மணி நேரம் கிழக்கே பறந்தா ஃப்ளோரஸ் தீவுல லபுவான் பாஜோன்னு ஒரு துறைமுக ஊர். அதுக்கப்புறம் படகுதான். அடுத்த ஜூன்ல அந்தப் படகுல ஏறணும்னு நானும் நண்பர்களும் திட்டம் போட்டுட்டு இருக்கோம். தரையில கொமோடோ டிராகன், தண்ணிக்கடியில பவளப்பாறை. ஒரே பயணத்துல ரெண்டு மாங்கா. எந்த மாசம் நல்லது, எத்தனை நாள் வேணும்னு தேட ஆரம்பிச்சவன் அந்தத் தீவோட வரலாற்றுக்குள்ள போய் மாட்டிக்கிட்டேன். பயணக் குறிப்பு எதிர்பார்த்து வந்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும் :-)

டிராகன்னதும் நெருப்பு கக்கும்னு நினைக்க வேண்டாம். நம்ம ஊர் உடும்பும் இதுவும் ஒரே பேரினம்தான், வரானஸ். என்ன, இது 3 மீட்டர் நீளம், 70 கிலோ எடை வரைக்கும் வளரும். மானை அடிக்கும், எருமையையும் அடிக்கும். வாயில இருக்கிற கிருமிகளாலதான் இரை சாகுதுன்னு ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க. 2009-ல் தான் இதன் கீழ்த்தாடையில் விஷச் சுரப்பிகள் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1910-ல் ஃப்ளோரஸில் பணியில் இருந்த வான் ஸ்டெய்ன் வான் ஹென்ஸ்புரூக் என்ற டச்சு லெப்டினன்ட், பக்கத்துத் தீவில் 'நில முதலை' இருப்பதாகக் கேள்விப்பட்டார். போனார், சுமார் 2 மீட்டர் நீளமுள்ள ஒன்றைக் கொன்றார். அதன் தோலையும் ஒரு புகைப்படத்தையும் ஜாவாவில் போகோர் விலங்கியல் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த பீட்டர் ஓவன்ஸுக்கு அனுப்பினார். ஓவன்ஸ் 1912-ல் கட்டுரை எழுதி 'வரானஸ் கொமோடோயென்சிஸ்' என்று பெயர் வைத்தார். இதைத்தான் எல்லா இடத்துலயும் 'கண்டுபிடிப்பு'ன்னு போட்டிருக்காங்க.

ஒரு சின்ன சந்தேகம். லெப்டினன்ட் 'கேள்விப்பட்டார்'னா, சொன்னது யாரு? அந்தத் தீவுப் பக்கம் காலங்காலமா வாழ்ந்துட்டு இருந்த ஜனங்கதானே? கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடிச்ச கதைதான் இங்கேயும்.

கொமோடோ தீவின் பழங்குடியினருக்கு அத்தா மோடோ என்று பெயர். அவங்க இந்த விலங்கை டிராகன்னு சொல்றதில்லை, 'ஓரா'ன்னு கூப்பிடறாங்க. அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. ஒரு நாக இளவரசிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. ஒன்று மனிதப் பிள்ளை, பெயர் கெரோங். இன்னொன்று பெண் ஓரா. இரண்டும் தனித்தனியாக வளர்ந்தன. பல வருஷம் கழித்து கெரோங் காட்டில் மான் வேட்டையாடியபோது ஒரு பெரிய பல்லி குறுக்கே வந்தது. அவன் ஈட்டியை ஓங்கியதும் இளவரசி தோன்றி, இவள் உன் கூடப்பிறந்தவள், கொல்லாதே என்றாள். அன்றிலிருந்து ஓராவைத் தொடுவதில்லை என்பது ஊர் வழக்கம். வேட்டையாடிய மானில் ஒரு பங்கை ஓராவுக்கு விட்டுவிட்டு வருவார்களாம்.

கேட்க அழகா இருக்கு, ஆனா கூட வாழறது சும்மா இல்லை. ஓரா புதைகுழியைத் தோண்டிப் பிணத்தைத் தின்னும். அதனால் மணலில் புதைப்பதை விட்டுவிட்டுக் களிமண் நிலத்துக்கு மாறினார்கள், புதைத்த இடத்தின் மேல் கல்லை அடுக்கினார்கள். வீடுகளைக் கால் நட்டு உயரத்தில் கட்டினார்கள். 2007-ல் கொமோடோ தீவில் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஓரா தாக்கி இறந்துபோனான். அதுக்கப்புறமும் ஊர் திரண்டு போய் எல்லாத்தையும் அடிச்சுக் கொல்லலை. இதைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

வெளியாட்கள் என்ன செஞ்சாங்கன்னும் பார்க்கணும் இல்லையா? 1926-ல் டக்ளஸ் பர்டன் என்ற அமெரிக்கர், நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக ஒரு படையையே கூட்டிக்கொண்டு வந்தார். 12 உடல்களோடும் உயிருள்ள இரண்டு ஓராக்களோடும் திரும்பினார். அந்த இரண்டும் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் சீக்கிரமே செத்துப்போயின. அந்தக் கதையை பர்டன் தன் நண்பர் மெரியன் கூப்பரிடம் சொல்ல, அது 1933-ல் வந்த கிங் காங் படத்துக்கு ஒரு பொறியானது. தூரத் தீவு, பூதாகாரமான விலங்கு, அதைப் பிடிச்சு நியூயார்க் கொண்டு போறது, அங்கே அது சாகறது.. பொருத்திப் பாருங்க.

1980-ல் இந்தோனேசிய அரசு கொமோடோ, ரிஞ்சா, பாடார் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து தேசியப் பூங்காவாக்கியது. 1991-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே கடல் சும்மா கடல் இல்லை. பசிபிக் தண்ணீர் இந்தியப் பெருங்கடலுக்கு வழிந்து போகும் பாதையில் இந்தத் தீவுகள் கிடக்கின்றன. குறுகிய சந்துகளில் நீரோட்டம் ஆறு மாதிரி ஓடும். தெற்கே ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வரும், வடக்கே வெதுவெதுப்பான தெளிந்த நீர். அதனால்தான் 1,000-க்கும் மேற்பட்ட மீன் வகைகளும் 260 வகைப் பாறை கட்டும் பவளங்களும் இங்கே உண்டு. மான்டா திருக்கைகளும்தான்.

இந்தப் பாறைகள் பட்ட பாடும் உண்டு. பாட்டிலில் உரத்தையும் மண்ணெண்ணெயையும் அடைத்து வெடி செய்து கடலில் வீசுவார்கள். மீன் செத்து மிதக்கும், பவளம் நொறுங்கிச் சல்லியாகும். சல்லி நீரோட்டத்தில் உருண்டுகொண்டே இருப்பதால் புதுக்குஞ்சு ஒட்டி வளர முடியாது. 90-களிலிருந்து ரோந்துப் படகுகள் விட்டுத்தான் இதைக் கட்டுப்படுத்தினார்கள். பூங்கா இல்லேன்னா இன்னிக்கு நாம பார்க்கப் போக அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. அதை மறுக்கவே முடியாது.

ஆனா அதே பூங்கா வந்த பிறகு ஊர்க்காரங்களுக்கு மான் வேட்டை கூடாது, நினைச்ச இடத்துல மீன்பிடிக்கவும் முடியாது. வேட்டைக்காரங்க மீனவங்க ஆனாங்க. அப்புறம் சுற்றுலாக்காரங்களுக்கு மரத்துல டிராகன் செதுக்கி விக்கறவங்க ஆனாங்க. 2019-ல் மாகாண ஆளுநர், 2020 ஜனவரியிலிருந்து கொமோடோ தீவையே மூடப்போவதாகவும் கிராமத்தில் உள்ள சுமார் 2,000 பேரை வேறிடம் மாற்றப்போவதாகவும் அறிவித்தார். விலங்குகளைக் காப்பாற்றத்தானாம்! ஊரே எதிர்த்து நின்றது. சில மாதங்களில் மத்திய அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 2022-ல் நுழைவுக் கட்டணத்தை 37.5 லட்சம் ரூப்பியாவாக உயர்த்தப் பார்த்தார்கள். லபுவான் பாஜோவில் வேலைநிறுத்தம் நடந்தது, அதுவும் கைவிடப்பட்டது.

இதுல வேடிக்கை என்னன்னா, 2021-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற நிலைக்கு மாற்றியபோது முக்கியக் காரணமாகச் சொன்னது புவி வெப்பத்தையும் கடல்மட்ட உயர்வையும்தான். அடுத்த 45 ஆண்டுகளில் வாழிடம் குறைந்தது 30 சதவீதம் சுருங்கலாமாம். பூங்காவுக்குள் இருப்பவை ஓரளவு நிலையாகவே இருக்கின்றன. அதாவது, ஓராவைத் துரத்தறது பக்கத்து வீட்டுல இருக்கிற மான்வேட்டைக்காரன் இல்லை. தூரத்துல இருந்து புகை விடற நாமதான். நாங்க ஏறப்போற விமானமும் அதுல சேர்த்தி.

போகத்தான் போறோம், போக வேண்டாம்னு யாருக்கும் சொல்லவும் மாட்டேன். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மழை இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் இணைசேரும் காலம், ஓராக்கள் அவ்வளவாகக் கண்ணில் படாது. நீரோட்டம் புரியாமல் தனியாக முக்குளிக்க வேண்டாம். கரையில் மரச்சிற்பம் விக்கிறவர்கிட்ட பேரம் பேசறதுக்கு முன்னாடி, அவர் தாத்தா எதையெல்லாம் விட்டுக்கொடுத்ததால அந்த விலங்கு இன்னிக்கும் உயிரோட இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

ஒரு விலங்கைக் காப்பாத்த அதைக் கூடப்பிறந்தவளா நினைக்கிறவங்களை வெளியேத்தணும்னு சொல்ற கணக்கு எனக்குப் புரியலை. உங்களுக்குப் புரிஞ்சா சொல்லுங்க மக்களே.