இண்டிகேட்டர் ஏன் பதறுகிறது?

போன வாரம் நம்ம வகுப்பு நண்பன் ஒருத்தன் பைக்கில் நாலு இண்டிகேட்டர் பல்பையும் எல்.இ.டி.க்கு மாற்றினான். அன்றிலிருந்து ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு படபடவென்று அடித்துக்கொள்கிறது. "டூப்ளிகேட் பல்பைத் தலையில கட்டிட்டாங்கடா" என்று புலம்பினான். எனக்குச் சந்தேகம் வந்து தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு. காமர்ஸ்காரனுக்கு கரண்ட் எதற்கு என்று கேட்காதீர்கள், கடைசியில் கணக்குப் பாடத்தில்தான் வந்து நிற்கும்.

ஆரம்பத்தில் கார் ஓட்டியவர்கள் கையை வெளியே நீட்டித்தான் திரும்பினார்கள். 1914 வாக்கில் அமெரிக்க மௌனப்பட நடிகை ஃபுளோரன்ஸ் லாரன்ஸ், பட்டனை அழுத்தினால் காரின் பின்னால் ஒரு சின்னக் கை எழுந்து திசை காட்டும் கருவியைச் செய்தார். பேட்டன்ட் வாங்கவில்லை, காசும் பார்க்கவில்லை. பிறகு ஐரோப்பியக் கார்களில் பக்கவாட்டிலிருந்து நீளும் 'டிராஃபிகேட்டர்' கைகள் வந்தன. சிமிட்டும் விளக்கோ அமெரிக்காவின் பியூக் கார்களில் 1939-லேயே வந்துவிட்டது.

சிமிட்ட வைக்கும் கருவிக்குப் பெயர் ஃபிளாஷர். பழைய ஃபிளாஷருக்குள் இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒட்டிய தகடு இருக்கும். பல்புக்குப் போகும் கரண்ட்தான் அதைச் சூடாக்கும். சூடேறினால் வளைந்து இணைப்பை விடும், ஆறினால் மறுபடி தொடும். அந்த 'டிக் டிக்' சத்தம் இதுதான். ஒரு பல்பு ஃபியூஸ் போனால் கரண்ட் குறைந்து தாளமே மாறிவிடும். வண்டியை விட்டு இறங்காமலே விஷயம் தெரிந்துவிடும்.

எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் வந்தபோதும் இந்த நல்ல குணத்தை விடவில்லை. கரண்ட் குறைந்தால் வேகத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும்படி வேண்டுமென்றே செய்தார்கள். ஐ.நா. வாகன விதிப்படி நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும். அதற்கு மேல் துடித்தால் "பல்பு போச்சு, இறங்கிப் பார்" என்று அர்த்தம்.

இப்போது எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலோன்யாக் 1962-ல் செய்தார், மஞ்சள் 1972-ல் ஜார்ஜ் கிராஃபோர்ட் கையில் பிறந்தது. வெளிச்சம் அதிகம், கரண்ட் கொஞ்சம். அங்கேதான் சிக்கல். பைக்கில் ஒரு பக்கம் 10 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்டில் சுமார் 1.7 ஆம்பியர் ஓடும். ஒரு வாட் எல்.இ.டி. இரண்டு போட்டால் 0.17 ஆம்பியர்தான். ஃபிளாஷர் பாவம், பல்பு போய்விட்டது என்று நினைத்துக் கத்துகிறது. நண்பன் வாங்கிய பல்பில் ஒரு குறையும் இல்லை!

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, எல்.இ.டி.க்கான ஃபிளாஷர் வாங்கி மாட்டுவது. பின் எண்ணிக்கையும் வரிசையும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, பல்புக்கு இணையாக ரெசிஸ்டர் போடுவது. 10 வாட் பல்பு இழுத்த கரண்டை இழுக்க சுமார் 15 ஓம் வேண்டும். அது எரியும்போதெல்லாம் 10 வாட் சூடு கக்கும். பிளாஸ்டிக்கிலோ ஒயரிலோ பட்டால் உருகிவிடும், இரும்பில்தான் திருக வேண்டும்.

இங்கேதான் என் பாடம் வருகிறது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு டேலி ஆக்குவோமே, ரெசிஸ்டர் அந்த வேலைதான். டேலி ஆகிவிடும், தப்பு உள்ளேயே இருக்கும். நாளைக்கு எல்.இ.டி. நிஜமாகவே செத்தாலும் ரெசிஸ்டர் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும், ஃபிளாஷர் நிதானமாகச் சிமிட்டும். புது ஃபிளாஷரும் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாது. நீங்கள் இடது பக்கம் திரும்புவது பின்னால் வரும் லாரிக்குத் தெரியவே தெரியாது.

அதனால் நண்பனிடம் ஃபிளாஷர் மாற்றச் சொன்னேன், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டேன். தினமும் வண்டி எடுக்குமுன் இரண்டு பக்கமும் போட்டு, பின்னால் போய் ஒரு தடவை பார்க்க வேண்டும். எச்சரிக்கை மணியை நாமே கழற்றிவிட்டோம், இனி காவல் நம் வேலை. எல்.இ.டி. மாற்றிய மற்றவர்களும் செய்யுங்கள் மக்களே.