மிஸ் புரூக்ஸின் மோட்டார் வண்டி

வாத்தியார் என்றால் எனக்கு இன்னமும் பயந்தான். தெருவில் யாராவது ஒருவர் எதிர்ப்பட்டால், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்பேன். அப்படிப்பட்ட நான் ஓர் உபாத்தியாயினியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தேன் என்றால், அந்தப் பாவம் ஈவ் ஆர்டன் என்ற அமெரிக்க நடிகையைச் சேர்ந்தது.

'எங்கள் மிஸ் புரூக்ஸ்' 1948-ல் ரேடியோவில் பிறந்தது. 1952 அக்டோபரில் டெலிவிஷனில் ஏறி 1956 வரையில் நடந்தது. மாடிசன் உயர்தரப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் கானி புரூக்ஸுக்கு ஒரு மோட்டார் உண்டு. ஆனால் அது இருப்பது பட்டறையில்! ஆகவே வால்ட்டர் டெண்டன் என்ற மாணவனுடைய ஓட்டை வண்டியில் தொற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். வீட்டுக்காரக் கிழவி டேவிஸ் அம்மாள் சமைத்துப் போடும் காலை ஆகாரமோ, இன்னதென்று பெயர் சொல்ல முடியாத வஸ்து. பள்ளியில் கால் வைத்ததும் பிரின்ஸிபால் கான்க்ளினின் கர்ஜனை. இத்தனைக்கும் நடுவில் உயிர்நூல் ஆசிரியர் பாயிண்டனிடம் அவளுக்குக் காதல். அந்த மனிதருக்கோ தம்முடைய தவளை மக்டூகலிடம் உள்ள கரிசனத்தில் பாதிகூட அவளிடம் கிடையாது.

சிரிக்கிறோம். ஆனால் கையில் காசில்லாத அவளுடைய சங்கடம் கதாசிரியர் கற்பனை அல்லவே! நிஜ உபாத்தியாயினிகள் தங்கள் கதையையே அதில் கண்டார்கள். கட்டு கட்டாகக் கடிதம் எழுதினார்கள். 1952-ல் கனெக்டிகட் ஆசிரியர் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம், ஆசிரியரையும் ஒரு மனிதப் பிறவியாகக் காட்டியதற்காக ஈவ் ஆர்டனுக்கு விருது வழங்கியது. சில பள்ளிகள் வேலைக்கே கூப்பிட்டனவாம்! அவர் போகவில்லை, புத்திசாலி.

அவள் கன்னியாகவே காலம் தள்ளுவதும் வெறும் வேடிக்கை இல்லை. 1930-களில் அமெரிக்காவில் பல ஊர்களில், கழுத்தில் மாலை விழுந்தால் உபாத்தியாயினியின் வேலை போய்விடும். புருஷ ஆசிரியருக்கு அந்த விதி கிடையாது. யுத்தத்தின்போது ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான் பல இடங்களில் அது தளர்ந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தபோது பாயிண்டனுடைய அசட்டுச் சங்கோசம் எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு மூட்டவில்லை.

கடைசி வருஷத்தில் நெடுஞ்சாலை போடுவதற்காக மாடிசன் பள்ளியையே இடித்துவிட்டார்கள். மிஸ் புரூக்ஸ் வேறு பள்ளியில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லப் போனாள். பிறகு 1956-ல் வந்த சினிமாவில்தான் அவளுடைய கல்யாணத்துக்கு வழி பிறந்தது. ரேடியோவில் தொடங்கி எட்டு வருஷம்! தவளை மக்டூகல் என்ன நினைத்ததோ, பாவம்.