சிறைக்குள் சாக்ரடீஸ்

முகத்தை மூடிய துணி. பக்கத்திலே காவலன். எந்த வழியாக வந்தோம், அடுத்த அறையிலே அடைபட்டிருப்பவன் யார் என்பதும் தெரியாமல் ஒரு மனிதன் நடத்திச் செல்லப்படுகிறான். அறைக்குள் சென்றதும் துணி நீங்குகிறது. கூரையிலே வெளிச்சத்திற்கு ஒரு சிறு துளை. கையிலே ஒரு பைபிள். பேச ஆளில்லை. 1829-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே திறக்கப்பட்ட சிறையின் காட்சி இது.

கொடியவர் கட்டிய கூடம் என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! கருணை பேசியவர்கள்தாம் கட்டினார்கள். குவேக்கர் எனும் கிறித்துவப் பிரிவினரின் எண்ணம் அதிலே மேலோங்கி நின்றது. கசையடி வேண்டாம், தனிமையிலே விட்டால் பாவி தன் உள்ளத்தைத் தானே துழாவுவான், ஆண்டவனை நினைந்து அழுவான், திருந்துவான் என்று நம்பினர். பாவத்துக்கு வருந்துதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்தே ‘பெனிடென்ஷியரி’ என்ற பெயர் சிறைக்குப் பிறந்தது. 1842-இல் அதைக் காணச் சென்ற ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் பதறித் திரும்பினார். உடலை வதைப்பதினும் மூளையை நாள்தோறும் சிறிது சிறிதாகக் குலைக்கும் இந்த வதை கொடிது என்று எழுதினார். எழுதி என்ன பயன்? தனிமை முறை அங்கே கைவிடப்பட்டது 1913-இல். 71 ஆண்டு கழித்து!

காலம் மாறியும் கருத்து மாறவில்லை. அயோவா மாநிலத்தின் நியூட்டன் சிறையிலே 1999 முதல் ஒரு கிறித்துவ அமைப்பு அரசுப் பணத்தின் துணையோடு ‘திருத்தும் பணி’ நடத்திற்று. சேர்ந்தவர்க்கு மற்றவர்க்குக் கிட்டாத வசதிகள்! வழக்கு மன்றம் ஏறியது. அரசியல் சட்டத்துக்கு இது முரண் என 2006-இல் நீதிபதி தீர்ப்பளித்தார்; அம்முடிவை மேல்முறையீட்டு மன்றம் மறு ஆண்டு உறுதி செய்தது.

மதத்தை விலக்கினால் கைதிக்கு வேறெதைத் தருவீர் என்று கேட்பர். கேட்கட்டும். விடை ஒரு பெண் கைதியின் வாயிலிருந்தே வந்தது. 1990-களிலே வறுமை பற்றி நூல் எழுத முனைந்த எர்ல் ஷோரிஸ் எனும் எழுத்தாளர் நியூயார்க் மாநிலத்தின் பெட்போர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறைக்குச் சென்றார். மக்கள் ஏன் வறுமையிலே உழல்கிறார்கள் என்று அங்கே ஒருவரைக் கேட்டார். அவரோ பணத்தைப் பற்றிப் பேசவில்லை. நகரத்து வசதி படைத்தோர்க்கு வாய்த்த அறிவு வாழ்வை ஏழைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். நாடகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் சொற்பொழிவுக்கும் அழைத்துச் செல்லுங்கள் என்றார். ஷோரிஸுக்குப் பிளாட்டோவின் குகை நினைவுக்கு வந்தது. விலங்கிடப்பட்டோர் சுவரில் ஆடும் நிழலை உண்மையென நம்பிக் கிடக்கும் குகையன்றோ அது!

1995-இல் நியூயார்க் நகரிலே அவர் வகுப்பைத் தொடங்கினார். ஏழைகளும் வீடற்றோரும் சிறை கண்டோரும் மாணவர்கள். பாடம் தச்சு வேலையா, தட்டச்சா? அறவியல், தருக்கம், இலக்கியம், கலை, வரலாறு! சாக்ரடீஸ் ஏதென்ஸ் நகர வீதியிலே செய்ததுபோல் வினாவுக்கு மேல் வினா. நானும் ஓர் ஆசிரியன். விடையை ஒப்பிக்க வைப்பது எளிது. வினவிவிட்டு வாய்மூடிக் காத்திருப்பது எத்துணைக் கடினம் என்பதை ஒவ்வொரு நாளும் வகுப்பிலே உணர்கிறேன்.

அங்கே பயின்ற 24 வயது இளைஞர் ஒருவருக்கு, உடன் வேலை செய்த பெண்மீது கடுஞ்சினம் மூண்டது. முன்பானால் கை நீண்டிருக்கும். அன்று நின்றார். இந்த இடத்தில் சாக்ரடீஸ் என்ன செய்திருப்பார் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். இதைத் தொலைபேசியிலே ஷோரிஸிடம் அவரே சொன்னார். நரகத்தைக் காட்டி மிரட்ட அங்கே எவரும் இல்லை.

ஒன்றை மறைக்கலாகாது. நார்போக் சிறையிலே அகராதியைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து, காண்ட், நீட்சே முதலியோரைப் படித்து எழுந்த மால்கம் எக்ஸ், 1952-இல் ஒரு மத அமைப்பின் தொண்டராகவே வெளிவந்தார். படிப்பு ஒருவரை நாம் விரும்பும் இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆயினும் அவ்வமைப்பின் தலைவரையே ஐயுற்று 1964-இல் விலகியவரும் அவர்தாம்.

இத்தகைய கல்விக்கு அரசு என்ன செய்தது? கைதிகள் கல்லூரிப் படிப்புக்குப் பெற்றுவந்த உதவிப்பணத்தை 1994-இல் ஒரு சட்டத்தால் நிறுத்தியது. மொத்த உதவியிலே கைதிகளின் பங்கு நூற்றில் ஒன்று கூட இல்லை! சிறை வகுப்புகள் பெரும்பாலும் மூடுண்டன. சிறையிலே கல்வி பெற்றோர் மீண்டும் சிறை புகும் வாய்ப்பு 43 விழுக்காடு குறைவு என்று ராண்ட் நிறுவனம் 2013-இல் கணித்தது. (தத்துவத்துக்கென்று தனியாக எடுத்த கணக்கல்ல, எல்லாக் கல்விக்கும் சேர்த்து.) பார்ட் கல்லூரி தனியார் நன்கொடையைக் கொண்டு நியூயார்க் சிறைகளிலே வகுப்பு நடத்தியது. அதன் மாணவர் மூவர் 2015-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக அணியோடு சொற்போர் நிகழ்த்தி வென்றனர். அதுவும், தாங்கள் ஏற்காத கட்சிக்காக வாதாடி!

உதவிப்பணத்தை மீண்டும் வழங்க 2020 டிசம்பரிலே சட்டம் இயற்றினர். 2023 சூலையிலே அது நடைமுறைக்கு வந்தது. நான் பிறக்குமுன் அடைத்த கதவு. இடைப்பட்ட 29 ஆண்டுகளிலே உள்ளேயே உயிர் நீத்தவர்கள் அதற்கு மனுப்போட இயலாது.