எதிர்பார்ப்பு என்றொரு சொல்



கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் ஒரு சொல் தவறாமல் வரும். "மாப்பிள்ளை வீட்ல எதிர்பார்ப்பு எப்படி?" வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. வாங்கினாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம். அதனால் தொகையைச் சொல்லாமல் இந்தச் சொல்லை முன்னால் நிறுத்துகிறார்கள். "எங்களுக்கு எதிர்பார்ப்பே இல்லைங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யிறதைச் செய்யுங்க" என்றாலும் பெண்ணைப் பெற்றவருக்குப் பொருள் விளங்கிவிடும்.

இந்தச் சொல்லின் பிறப்பு அப்படிப்பட்டதல்ல. தொல்காப்பியம் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று மூன்றாகச் சொல்கிறது. இறத்தல் என்றால் கடத்தல். கடந்து போனது இறந்தகாலம். நம் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருப்பது எதிர்காலம். எதிர்வீடு, எதிர்க்காற்று, எதிரி எல்லாம் இதே வேர்தான். வள்ளுவரும் 429ஆம் குறளில் வரப்போவதை 'எதிரது' என்கிறார். அதை முன்னரே அறிந்து காத்துக்கொள்பவர்க்கு நடுங்க வைக்கும் துன்பம் இல்லை என்பது கருத்து. வருவதைப் பார்ப்பது என்றால் அதற்கு ஆயத்தமாவது.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க இலக்கணம் வேண்டாம், எதிர்சேவை போதும். சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வருவார். மறுநாள் விடியலில் வைகையில் இறங்கத்தான் போகிறார். ஆனாலும் சனம் வீட்டில் இருக்காது. மூன்றுமாவடிக்கே போய், சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிக் காத்து நிற்கும். முன்பு இந்த விழா நம் பக்கம், வைகைக் கரைத் தேனூரில் நடந்தது என்றும், திருமலை நாயக்கர் (1623–1659) அதை மதுரைக்கு மாற்றி மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். இடம் மாறினாலும் வருகிறவரை எதிரே போய் அழைக்கும் முறை மாறவில்லை.

வீட்டுக்கு வரும் மருமகளுக்கும் அதே முறைதானே? எதிர்கொண்டு அழைக்க வேண்டியவளிடம் பவுன் கணக்குக் கேட்பதற்கு 'எதிர்பார்ப்பு' என்று பெயர் வைத்துவிட்டோம்.

அடுத்த முறை அந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கு வந்தால், "வரதட்சணையைத்தானே கேக்குறீங்க?" என்று நேரே கேட்டுவிடுங்கள். பிள்ளையைப் பெற்றவர்களும் இதைப் படித்தால் நல்லது.